‘நம்ம ஊரில் அது கிடையாது’ என்பவர்களுக்கு

சீலியாக் நோய் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஒரு குழந்தையின் பொருட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அது சப்பாத்தி தின்கிற வடக்கத்திக்காரர்களுக்கு வருவது, சோறு தின்கிற நமக்கு எங்கே வரப்போகிறது? இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. விவரம் தெரியாதவர்களுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. மருத்துவம் படித்தவர்கள், செவிலியர்கள், உணவு ஆலோசனை சொல்பவர்கள்தான் சொல்கிறார்கள். பெற்றோரின் பயத்தைப் போக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு. அந்தத் தவற்றின் விலையை இரண்டு வயதும் மூன்று வயதுமான பிள்ளைகள் தங்கள் உயரத்திலும் ரத்தத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நோயைப் பற்றி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. அதை நம் குடல் முழுதாகச் செரிப்பதில்லை. துண்டு துண்டாக எஞ்சி நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. குறிப்பிட்ட மரபணு வகை உள்ள சிலருடைய உடல் மட்டும் அந்தத் துண்டுகளை எதிரி என்று எடுத்துக்கொண்டு, தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தட்டையாகிப் போகின்றன. அதற்குப் பிறகு பிள்ளைக்கு எதை ஊட்டினாலும் உடம்பில் சேர இடமில்லை. கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை புண் ஆறாது. அதை முழுதாக நிறுத்தினால் குடல் தானே தளிர்த்துவிடும். மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம். இவ்வளவு முழுமையாகக் குணம் காட்டுகிற, இவ்வளவு எளிய சிகிச்சையுள்ள நீண்டகால நோய்கள் குழந்தை மருத்துவத்தில் அதிகம் இல்லை. அதைத் தேடாமலே விடுகிறோம் என்பதுதான் வேதனை.

‘நமக்கு வராது’ என்ற நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோயை விவரித்த தொடக்கக் கட்டுரைகளில் ஒன்று 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அது வட இந்தியக் குழந்தைகளைப் பற்றியது. அதே காலத்தில் தெற்கே மருத்துவர்களின் கவனம் வேறொன்றின் மேல் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் டிராபிகல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் அவரோடு பணியாற்றியவர்களும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உலகமே மதித்த ஆராய்ச்சி அது. அந்த நோயிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. போதாததற்கு, நம் பக்கத்தில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் குடலே ஐரோப்பியரின் குடலை விடக் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும் என்பதும் தெரியவந்தது. ஆக, தென்னிந்தியர் ஒருவரின் குடல் திசுவில் தேய்மானம் தெரிந்தால் அதற்குச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருந்தது. வடக்கே அதே தேய்மானம் கோதுமையின் பெயரில் எழுதப்பட்டது. அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான பிரிவினை. இன்றைய அறிவுக்கு அது நியாயம் இல்லை.

ஏனென்றால் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு வந்துவிட்டது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்புப் புரதம் இருந்தது. வடகிழக்கில் 0.87. தெற்கே 0.10. ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்று இந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் அடுத்த எண்களையும் படிக்க வேண்டும் அல்லவா? நோய் வருவதற்கு அடிப்படையான மரபணு வகை வடக்கே சுமார் 38 சதவீதம் பேரிடம் இருந்தது. தெற்கே சுமார் 36 சதவீதம் பேரிடம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

அதாவது இந்த ஆய்வு ‘உங்களுக்கு வராது’ என்று சொல்லவில்லை. வருவதற்கான உடற்கூறு உங்களிடமும் இருக்கிறது, இதுவரை கோதுமை குறைவாக இருந்தது என்றுதான் சொல்கிறது. வடகிழக்கில் கோதுமை 37 கிராம்தான், இருந்தும் அந்த எதிர்ப்புப் புரதம் உள்ளவர்கள் தெற்கைப் போல எட்டு மடங்குக்கு மேல் என்பதையும் கவனிக்க வேண்டும். கோதுமையின் அளவு மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ‘கொஞ்சம்தானே சாப்பிடுகிறோம்’ என்ற ஆறுதலுக்கும் அங்கே இடமில்லை.

அப்புறம், சராசரி என்பது யாருடைய தட்டு? 25 கிராம் என்பது பெரியவர்களின் சராசரி. சின்னப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பாலில் தோய்த்த பிஸ்கட். அல்லது ரஸ்க். பதினொரு மணிக்கு மால்ட் பானம்; அதில் கோதுமையும் பார்லியும் இருக்கிறது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் கேழ்வரகோடு கோதுமை மாவும் சேர்கிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, கோதுமை ரவை உப்புமா, ரவை கிச்சடி. (அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்த்த திட்டம். அரிசி தின்னும் மாநிலத்தின் அரசுச் சமையலே இன்று கோதுமையை நம்பியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.) இரவில் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை என்று வீடு முழுக்கச் சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. பிறந்தநாள் என்றால் கேக். அரிசி மட்டுமே தின்கிற வீட்டில் இந்த நோய் வராது என்பது சரிதான். அந்த வீடு இன்று தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கோதுமை. தெரியாததும் உண்டு. சமையலறையில் இருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் கூட்டுப் பெருங்காயம் என்று இருக்கும். சுத்தமான பெருங்காயப் பால் கடுமையான காரமும் நெடியும் உள்ளது என்பதால் மாவும் கோந்தும் கலந்துதான் கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். கலக்கும் மாவு பல கம்பெனிகளில் மைதா. சில கம்பெனிகளில் அரிசி மாவு. ‘ரசஞ்சோறு மட்டும்தான் குடுக்குறோம் டாக்டர், வேற ஒண்ணுமே குடுக்குறதில்ல’ என்று ஒரு தாய் சத்தியம் செய்யும்போது அவள் பொய் சொல்லவில்லை. அந்த ரசத்திலும் கோதுமை இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

என் தங்கை மகளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே வயல் இருக்கிற ஊர். ஒரு வயது ஆகும்வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. அதற்கப்புறம் வயிற்றால் போகத் தொடங்கியது. தண்ணீராகப் போவதில்லை, வெளுத்து, அளவில் பெரிதாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, வீடு முழுக்க நாறும்படி. வயிறு உப்பி முன்னால் தள்ளியது. கையும் காலும் குச்சியாயின. தொடைக்குப் பின்னால் தோல் சுருங்கித் தொங்கியது. எல்லாவற்றையும் விட எங்களை வாட்டியது அவளுடைய முகம். யாரிடமும் வரமாட்டாள். பொம்மையை நீட்டினால் தட்டிவிடுவாள். மடியில் படுத்துக்கொண்டு முனகுவாள்.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ‘பல்லு மொளைக்குதுடி, போகத்தான் செய்யும்’ என்றார் மாமியார். பல் எல்லாம் முளைத்து முடிந்தது; போவது நிற்கவில்லை. மாந்தம் என்று உரை மருந்து கொடுத்தார்கள். தொக்கம் விழுந்திருக்கிறது என்று ஒருவரிடம் கொண்டுபோய் எடுத்தார்கள். பூச்சி என்று மருந்து. கடைசியில் மருத்துவமனையில் ‘பால் ஒத்துக்கல, பாலை நிறுத்துங்க’ என்றார்கள். குடல் புண்ணாகியிருக்கும்போது பாலின் சர்க்கரை செரிக்காமல் போவது உண்மைதான். அதனால் பாலை நிறுத்தியதும் ஒரு வாரம் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். பாலுக்குப் பதில் என்ன கொடுத்தார்கள்? சோறு செரிக்காது, லேசாகக் கொடுங்கள் என்று ரஸ்க்கும் ப்ரெட்டும். சத்துக்கு மால்ட் பானத்தைத் தண்ணீரில் கரைத்து.

நோயாளி என்றால் சோற்றை நிறுத்து, ரொட்டியைக் கொடு. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு நான் தேடிப் படித்தபோது கிடைத்தது என்னை உலுக்கிவிட்டது. சீலியாக் நோயைத் தெளிவாக விவரித்த முதல் நவீன மருத்துவர் லண்டன் பார்த்தலோமியூ மருத்துவமனையின் சாமுவேல் ஜீ. ஆண்டு 1888. இந்தக் குழந்தைகள் பிழைப்பதாக இருந்தால் உணவால்தான் பிழைப்பார்கள் என்று அப்போதே எழுதினார், அபாரமான கணிப்பு. ஆனால் எந்த உணவு? அரிசி ஆகாது என்றார். ஜவ்வரிசி ஆகாது. மால்ட் சேர்ந்த உணவு நல்லது. ரஸ்க் அல்லது மெல்லியதாக நறுக்கி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டி கொடுக்கலாம் என்றார். பிழைக்க வைக்கும் தானியத்தை விலக்கி, கொல்லும் தானியத்தைக் கையில் கொடுத்த பட்டியல் அது. அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும், இருந்தும் 1888ஆம் ஆண்டின் அதே பட்டியலைத்தான் என் தங்கை வீட்டில் பின்பற்றினார்கள், மருத்துவர் சொல்லி.

காரணம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தை அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து என்று உலகம் நம்பியது. தேற்றியது அவர் கொடுத்த பழம் இல்லை, கூடவே அவர் நிறுத்திய ரொட்டி. இது தெரியாததால், குணமாகிவிட்டது என்று பழையபடி கோதுமை தின்ன விட்ட பிள்ளைகளின் குடல் மறுபடி புண்ணானது. உண்மையைப் பிடித்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே. 1944-45 பஞ்ச குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அவருடைய சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள், அதைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். போர் அவருக்கு உறுதியைத் தந்தது, அவ்வளவுதான். சந்தேகம் அதற்கு முன்பே, 1930களிலேயே வந்துவிட்டது. ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளைக்குச் சரியாகிவிடுகிறது என்று ஓர் இளம் தாய் சொன்ன வார்த்தை அவர் காதில் விழுந்தது. அவர் அதைத் தள்ளிவிடவில்லை. 1941இலேயே கோதுமை இல்லாத உணவைப் பற்றி எழுதினார்; 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் மலத்தில் போகும் கொழுப்பை அளந்து நிரூபித்த ஆய்வேடு அது.

என் தங்கையும் அப்படி ஒரு வார்த்தை சொன்னாள். திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வெறும் சோறும் இட்லியும் இடியாப்பமும்தான் கொடுத்தாள், அந்த நாட்களில் பிள்ளை கொஞ்சம் சிரித்தாள் என்றாள். எங்கோ படித்துவிட்டு, இது கோதுமையாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டும்விட்டாள். ‘நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாதும்மா. பஞ்சாப்காரங்களுக்கு வர்றது. கண்டதையும் படிச்சுட்டு வராதீங்க.’ அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வாக்கியத்துக்கும் சரியான பரிசோதனைக்கும் இடையே பல மாதங்கள் ஓடின. தாய் சேய் நல அட்டையில் எடைக்கோடு அத்தனை மாதமும் படுத்தே கிடந்தது. அதை யாரும் ஒரு கேள்வியாகப் பார்க்கவில்லை. ‘பிள்ளை சாப்பிடமாட்டேங்குது’ என்று தாயின் மேல் பழியாகத்தான் பார்த்தார்கள்.

ரத்தத்தையும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவு, டானிக் கொடுத்தார்கள், ஏறவில்லை, வேறு டானிக் கொடுத்தார்கள். இரும்புச்சத்தை உடல் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சீலியாக் நோய் முதலில் சிதைப்பதும் அதே பகுதியை. டானிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எங்கே போய்ச் சேரும்? ஒழுங்காக மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறாத பிள்ளைக்கு அடுத்த கேள்வி ‘எந்த டானிக்’ என்பதாக இருக்கக் கூடாது.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ‘ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற நோய்க்காக எல்லாப் பிள்ளைக்கும் பரிசோதனையா?’ என்று கேட்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆயிரத்தில் ஒன்று என்பது தெருவில் போகிறவர்களின் கணக்கு. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, உயரம் நின்றுபோனது, மருந்துக்கு ஏறாத ரத்தசோகை, உப்பிய வயிறு என்று ஒரு பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பிள்ளையின் கணக்கு வேறு. தெருவின் கணக்கை அதன் தலையில் கட்டுவது கணிதமும் இல்லை, மருத்துவமும் இல்லை. அந்த ஆயிரத்தில் ஒன்றையே வைத்துப் பார்த்தாலும், 2011 கணக்கெடுப்பின்படி ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் பேர் வாழ்ந்த மாநிலத்துக்கு அது எழுபதாயிரத்தைத் தாண்டும். எழுபதாயிரம் பேருக்கு ‘உங்களுக்குக் கிடையாது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘இங்கே அப்படிப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை’ என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் நோய், இங்கே அபூர்வம் என்பது பாடம். 2003இல் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு வந்தது: அறிகுறியோ குடும்பத்தில் நோயோ இல்லாதவர்களிலேயே 133 பேருக்கு ஒருவர். நோய் அதற்கு முந்தின வருடம் கப்பலில் வந்து இறங்கவில்லை. தேடியதும் தெரிந்தது. அதற்கும் முன்பு, 1999இல், மேற்குச் சகாராவின் சஹ்ராவி மக்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 5.6 பேருக்கு நோய் இருந்தது. ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சையும் பழகிய மக்கள். பின்னர் கோதுமை அவர்களுடைய முக்கிய உணவானது. கோதுமை பழக்கமில்லாத மக்களுக்கு இந்த நோய் வராது என்பவர்கள் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வாதம் பல்லைப் பற்றியது, அதைப் பாட்டிகள் மட்டும் சொல்வதில்லை. பல் முளைக்கும் ஆறாம், ஏழாம் மாதத்தில்தான் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தியும் அப்போதுதான் குறைகிறது. முதல் பிஸ்கட்டும் அப்போதுதான் வாயில் போகிறது. சீலியாக் நோய் சிறு பிள்ளைகளிடம் தலைகாட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, வெளியே தெரிகிற பல்லின் மேல் பழி விழுகிறது. பல்லால் நாலு நாள் எச்சில் ஒழுகலாம், ஈறு வலிக்கலாம். மாதக்கணக்கில் வயிற்றால் போகாது. எந்த வயிற்றுப்போக்கும் பதினான்கு நாளைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாகவே வைக்கிறது. அதற்கு மேல் பல்லைக் காரணம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாவற்றுக்கும் கோதுமைதான் காரணம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜியார்டியா கிருமி இருக்கலாம். பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கலாம். பாட்டில் ஜூஸ் அதிகம் குடிப்பதால் மட்டுமே போகிற, மற்றபடி நன்றாக வளர்கிற பிள்ளைகளும் உண்டு. வயிற்றுக் காசநோயை நம் நாட்டில் மறக்கவே கூடாது. இவற்றையெல்லாம் தேடுகிறபோது சீலியாக்கையும் தேடுங்கள், ஊரைக் காரணம் காட்டி அதை மட்டும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். என் வாதம் இவ்வளவுதான்.

தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திப் பார்ப்பது பெற்றோர் செய்கிற இயல்பான காரியம். சில மருத்துவர்களே ‘நிறுத்திப் பாருங்க’ என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் தேடுகிற எதிர்ப்புப் புரதம் கோதுமை உள்ளே போகும்வரைதான் இருக்கும். நிறுத்தினால் மாதங்களில் மறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அப்புறம் பரிசோதித்தால் ‘நார்மல்’ என்று வரும். உண்மை தெரிய வேண்டுமானால் தேறிய பிள்ளைக்கு மறுபடி கோதுமை கொடுத்து நோயை வரவழைக்க வேண்டும். அந்தக் கொடுமை யாருக்கும் வேண்டாம். வழக்கமான சாப்பாடு சாப்பிடும்போதே டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்த வகைப் புரதமே உடலில் குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டிவிடும். டிடிஜி அதிகமாக இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் திசு எடுத்துப் பார்ப்பார்கள். அளவு இயல்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டி, இன்னொரு ரத்தப் பரிசோதனையும் அதை உறுதி செய்தால், திசு எடுக்காமலே முடிவு சொல்லலாம் என்கிறது ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டி.

தங்கை மகளுக்கு இன்னொரு ஊரில், கேள்வி கேட்டதற்குக் கோபப்படாத ஒரு மருத்துவர் இந்தப் பரிசோதனைகளைச் செய்தார். டிடிஜி எகிறியிருந்தது. திசுவிலும் உறிஞ்சிகள் தட்டையாகிப் போயிருந்தன. கோதுமையை நிறுத்திய சில வாரங்களில் முதலில் மாறியது எடையல்ல, முகம். வாசலுக்கு ஓடினாள். எடை அதற்கப்புறம்; உயரம் மெதுவாக.

இந்த நோயை வைத்துக்கொண்டு வாழ்வதற்குத் தமிழ்ச் சமையலறையைப் போல வசதியான இடம் வேறு இல்லை. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பொங்கல், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, சோளம்: எதிலும் குளுட்டன் கிடையாது. வெளிநாட்டில் விலை கொடுத்துத் தேடுவதெல்லாம் நம் ரேஷன் கடையிலும் வயலிலும் கிடக்கிறது. கண்காணிக்க வேண்டிய இடங்கள் சிலதான். பெருங்காயத்தை மாற்ற வேண்டும். ஓட்டல் தோசைக்கல்லைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அப்புறம் மாவு மில். தங்கை கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போய் மில்லில் வரிசையில் நின்றாள். முன்னால் ஓர் அம்மாள் இரண்டு படி கோதுமை அரைத்துக்கொண்டு போனார். மில்காரர் குழாயின் துணிப்பையை நாலு தட்டுத் தட்டிவிட்டு ‘அடுத்து யாரும்மா’ என்றார். வாயில் விழுந்த முதல் மாவு வெள்ளையாக வந்தது, பிறகுதான் கேழ்வரகின் நிறம். குளுட்டன் இல்லாத உணவு என்று சட்டப்படி சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது. அந்த வெள்ளை மாவு அதைத் தாண்டிவிடும். அன்றிலிருந்து வீட்டு மிக்ஸியில்தான் அரைக்கிறாள்.

இதை எந்த மருத்துவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நோயே கிடையாது என்கிற ஊரில் மில்லைப் பற்றி யார் சொல்வார்கள்? அங்கன்வாடிச் சத்துமாவுக்குப் பதிலாகக் கோதுமை சேராத மாவு கேட்டால் கொடுக்க வழியில்லை. காலை உணவில் அரிசி உப்புமா செய்கிற நாள் எது என்று ஆசிரியையிடம் தினமும் கேட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. நோயை ஒப்புக்கொண்டால்தான் இதற்கெல்லாம் ஓர் ஏற்பாடு பிறக்கும்.

நோய் உறுதியான பிள்ளையின் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தங்கையின் கணவருக்கும் மூத்த பையனுக்கும் ஒன்றும் இல்லை. தங்கைக்கு ஒரு நாளும் வயிற்றுத் தொந்தரவு இருந்ததில்லை. ரத்தசோகை மட்டும் வயதுக்கு வந்த நாளிலிருந்து உண்டு. இரண்டு பிரசவத்திலும் ரத்தம் ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வேறுதான். அதனால் இவளுக்கும் ‘பொம்பளைப் பிள்ளைன்னா ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்’ என்று மாத்திரை எழுதித் தந்துகொண்டே இருந்தார்கள். அவளுடைய டிடிஜியும் உயர்ந்திருந்தது. திசுப் பரிசோதனையும் அதையே சொன்னது. காவிரித் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்று வளர்ந்தவள். எங்கள் வம்சத்தில் பஞ்சாப் பக்கம் போனவர்கூட யாரும் இல்லை. அவளுடைய அக்கா என்பதால் என்னையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அந்த மருத்துவர். ரத்தம் கொடுத்திருக்கிறேன்.